சுமைகாரனுக்கு எத்தனை தொழில்

மூன்று வாரம் பாடுபட்டு வளர்த்த ஆளை டெல்ஃபின் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தன் மனைவிக்குக் காட்டினான்.

ஆள் கம்ப்யூட்டர் கடையின் திரையில் நின்றான். தலையில் மந்திரவாதியின் கூம்புத் தொப்பி. உடம்பில் போர்வீரனின் இரும்புச் சட்டை. முதுகில் வில். கழுத்தில் வைத்தியனின் மணிமாலை. கையில் தன்னைவிட உயரமான ஒரு கோல். பெயர் சுமைகாரன். இலோயிலோ துறைமுகத்தில் பத்தொன்பது வருடமாக மூட்டை தூக்குகிறவன் வேறென்ன பெயர் வைப்பான்?

காதில் மாட்டியிருந்த ஹெட்செட்டில் ஹாங்காங்கைக் கூப்பிட்டான்.

“அம்பாரோ? தெரியுதா?”

“தெரியுது.”

“எப்படி இருக்கான்?”

“யாரு இவன்? துணிக்கடை தீப்பிடிச்சப்போ கையில கெடச்சதை எல்லாம் மாட்டிக்கிட்டு ஓடி வந்தவன் மாதிரி இருக்கான்.”

அந்தப் பக்கம் மூன்று பெண்கள் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். ஞாயிறு அவர்களுக்கு விடுமுறை. மற்ற ஆறு நாளும் ஆளுக்கொரு வீட்டில் சமைத்துத் துவைத்துப் பிள்ளை பார்க்கிறவர்கள், ஏழாம் நாள் மேம்பாலத்துக்கு அடியில் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கைபேசியும் கையுமாக உட்கார்ந்துவிடுவார்கள். அம்பாரோ, கொன்சிங், ஜோவிதா, மெர்லி. நாலு பேரும் இலோயிலோக்காரிகள். ‘கருங்கல் கோட்டை’ என்கிற ஆட்டத்தில் நாலு பேரும் மூன்று வருடமாக ஒரே குழு.

ஆட்டத்தின் மேல் ஆசைப்பட்டு டெல்ஃபின் ஆட வரவில்லை. அவன் வந்த காரணம் வேறு. ஞாயிறுதோறும் அம்பாரோ அவனைக் கூப்பிடுவாள். சாப்பிட்டியா, சாப்பிட்டேன். மழையா, மழைதான். பக்கோலோதில் நர்சிங் படிக்கும் மகள் பேசினாளா, பேசினாள். அதுவும் தீர்ந்துபோனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, சரி வைக்கட்டுமா என்பார்கள். பத்து நிமிடம்.

ஒரு நாள் அவள் அழைப்பைத் துண்டிக்க மறந்து ஆட்டத்துக்குப் போய்விட்டாள். டெல்ஃபினும் துண்டிக்கவில்லை. துவைத்த துணியை மடித்தபடி கேட்டுக்கொண்டே இருந்தான். அரக்கர் குகைக்குள் போய்விட்டு அந்த நாலு பேரும் பேசிய பேச்சு! முதலாளியம்மா நாய்க்குப் பிறந்தநாள் கேக் வெட்டியது, ஜோவிதாவின் கடைவாய்ப் பல், யாரோ ஒருத்தி பேருந்தில் தூங்கிப்போய்க் கடற்கரையில் இறங்கி நின்றது. அம்பாரோ மூச்சு முட்டச் சிரித்தாள். மூன்று மணி நேரம். அவள் கடல் தாண்டிப்போய் ஏழு வருடம் ஆகிறது. அந்தச் சிரிப்பை அவன் கேட்டும் ஏழு வருடம் ஆகிறது.

குகைக்குள் நாலு பேருக்குத்தான் இடம். உள்ளே போனவர்கள் பேசுவது உள்ளே போனவர்களுக்கு மட்டும்தான் கேட்கும். கொன்சிங்குக்கு ஒப்பந்தம் முடிந்துவிட்டது, வருகிற வியாழக்கிழமை ஊர் திரும்புகிறாள். காலியாகும் அந்த ஒரு இடம் டெல்ஃபினுக்கு வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

“சரி, வெளி அலங்காரம் போதும்,” என்றாள் அம்பாரோ. “உள்ள என்ன இருக்கு? தொறந்து காட்டு.”

திறந்தான். அவள் சத்தமாகப் படித்தாள். “போர்வீரன் ரெண்டு. வில்லாளி ரெண்டு. மந்திரவாதி ரெண்டு. வைத்தியன் ரெண்டு. என்னய்யா இது, பந்தி பரிமாறினியா?”

அந்த ஆட்டத்தில் மிருகங்களை அடித்து அடித்து ஆள் ஒரு படி ஏறுவான். ஏறும் ஒவ்வொரு முறையும் ஆட்டம் கேட்கும்: இந்தப் படியை எந்த கிளாஸில் வைக்கட்டும்? கிளாஸ் என்பதை டெல்ஃபின் தொழில் என்று புரிந்துகொண்டான். எல்லாப் படியையும் ஒரே தொழிலில் வைக்கலாம். இரண்டு மூன்று தொழிலைக் கலக்கவும் செய்யலாம். கலப்பதில்தான் சாமர்த்தியம் என்று அவனுக்கு நாலு பேரும் சொல்லியிருந்தார்கள். எப்படிக் கலப்பது என்று கேட்டதில்தான் வினை வந்தது.

ஜோவிதா வில்லாளி. மற்ற பெண்களைப் போல அவளும் அவனை ‘மனோங்’, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவாள். “மனோங், வில்லுல ரெண்டு படி வைங்க. பன்னி பக்கத்துல வர்றதுக்குள்ள தூரத்துலயே சாய்ச்சிடலாம்,” என்று சொல்லி ஒரு வில்லைப் பரிசாக அனுப்பினாள். வைக்காமல் இருக்க முடியுமா? வைத்தான். மந்திரவாதியான மெர்லி தன் பழைய கோலையும் தொப்பியையும் கொடுத்தாள். கொன்சிங் மணிமாலை கொடுத்தாள். அம்பாரோ இரண்டு ஞாயிறு பாம்புப் பள்ளத்தில் அலைந்து தேடிய இரும்புச் சட்டையைக் கொடுத்தாள். நாலு பேரும் கூப்பிட்டார்கள், நாலு பேரிடமும் போனான்.

அவன் ஊரில் திருவிழா அன்று தெருவில் நடந்தால் வாசலுக்கு வாசல் கூப்பிடுவார்கள். முதல் வீட்டிலேயே வயிறு முட்டத் தின்றுவிட்டு அடுத்த வீட்டில் வேண்டாம் என்று சொல்கிறவனை அந்த வீட்டுக்காரி அடுத்த திருவிழா வரை ஏறெடுத்துப் பார்க்க மாட்டாள். அதனால் விவரம் தெரிந்தவர்கள் வயிற்றைப் பங்கு பிரித்துக்கொண்டுதான் கிளம்புவார்கள். இங்கே இரண்டு கரண்டி நூடுல்ஸ், அங்கே பன்றி வறுவலில் ஒரு துண்டு, அடுத்த வீட்டில் ஒரு கிண்ணம் சூப். டெல்ஃபின் ஒரே நாளில் பதினோரு வீட்டில் உட்கார்ந்து எழுந்தவன். ஒருத்தர் முகமும் கோணியதில்லை. அதே நியாயத்தைத்தான் ஆட்டத்திலும் கடைப்பிடித்தான். ஆரம்பத்தில் பலம், வேகம், அறிவு, பக்தி என்று பிரித்துக்கொள்ள இருபது புள்ளி கொடுத்தபோதும் ஐந்து ஐந்தாக வைத்து, ஒருவரையும் குறை வைக்கவில்லை என்று திருப்திப்பட்டான்.

விளைவு, இரும்புச் சட்டையோடு மந்திரம் போட்டால் கோலின் நுனியில் புகை மட்டும் வந்தது. வேகம் போதாமல் விட்ட அம்பு மரத்தில் பாய்ந்தது. எட்டாம் படி வரைக்கும் சுமைகாரன் ஏறியதெல்லாம் கோலை உலக்கை மாதிரி பிடித்துக் காட்டுப்பன்றிகளை மொத்தியே.

“கலக்கறதுன்னா என் ஆளைப் பாரு,” என்றாள் அம்பாரோ. “போர்வீரி பன்னெண்டு, வைத்தியம் ரெண்டு. ஏன் அந்த ரெண்டு? சண்டைக்கு நடுவுல என் ரத்தத்தை நானே நிறுத்திக்க. ஒண்ணு சோறு, இன்னொண்ணு தொட்டுக்க. நீ நாலு தொட்டுக்கறதை வெச்சிக்கிட்டு சோத்தை மறந்துட்டே.”

“அண்ணனைத் திட்டாதே அக்கா. நம்ம நாலு பேரையும் மதிச்சிருக்காரு,” என்றாள் ஜோவிதா.

“மதிச்சது சரி. குகை வாசல் மதிக்கணுமே,” என்றாள் மெர்லி. மெர்லி பேச்சில் எப்போதும் கொஞ்சம் எலுமிச்சை இருக்கும். “ஒவ்வொருத்தருக்கும் அவங்க தொழில்ல அஞ்சு படியாவது இருந்தாத்தான் கதவு தொறக்கும். கொன்சிங் இடம் வைத்தியர் இடம். மனோங்குக்கு வைத்தியம் ரெண்டு. துபாய்ல என் சித்தப்பா மகன் டோன்யோ இருக்கான். வைத்தியம் பதினஞ்சு. கூப்பிட்டா வருவான்.”

டெல்ஃபின் ஹெட்செட்டைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

“ஒரு வாரம் குடு,” என்றாள் அம்பாரோ. “அடுத்த ஞாயிறு மூணு மணிக்குள்ள வைத்தியம் அஞ்சு ஆகலைன்னா உன் டோன்யோவையே கூப்பிடு. டெல்ஃபின், கேட்டியா? இன்னும் மூணு படி. மூணையும் வைத்தியத்துல வை. வேற யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்காதே.”

“பாக்கமாட்டேன்,” என்றான் டெல்ஃபின்.

திங்கட்கிழமை சாயங்காலம் கப்பலில் இருந்து கடைசி அரிசி மூட்டையை இறக்கிவிட்டு, தோளில் கிடந்த சாக்குத் துணியை உதறி மடித்து, நேராக, தெருவே மனாங், அக்கா, என்று கூப்பிடும் விர்ஜியின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனான். பக்கத்து நாற்காலியில் ஓகோங் இருந்தான். ஓகோங் சைக்கிள்ரிக்‌ஷாவுக்கு மோட்டார் பொருத்தி ஓட்டுகிறவன். டெல்ஃபினின் மகளுக்கு ஞானத் தகப்பன். ஒருவரை ஒருவர் ‘பாரே’ என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். ஓகோங்கின் ஆள் பெரிய ஆள். அவன் கரடிகளை அடித்துச் சாய்க்க, சுமைகாரன் பின்னாலேயே போய்ப் பங்கு வாங்கிக்கொண்டான். ஒரு மணி நேரத்தில் ஒன்பதாம் படி வந்துவிட்டது.

ஆட்டம் கேட்டது: எந்தத் தொழிலில் வைக்கட்டும்?

டெல்ஃபின் எலிப்பொறி மாதிரி இருந்த அந்த நாலு கட்டங்களையும் பார்த்தான். சுற்றுமுற்றும் பார்த்தான். போர்வீரனில் வைத்தான்.

“பாரே!” ஓகோங் நாற்காலியோடு திரும்பினான். “வைத்தியம்னுதானே சொன்னாங்க?”

“இதுலயும் கொஞ்சம் இருக்கட்டுமே.”

“உண்மையைச் சொல்லு.”

டெல்ஃபின் குரலைத் தாழ்த்தினான். “அவ வாளைத் தூக்கிட்டு முன்னால போவா. நான் பின்னால நின்னு மணி உருட்டணுமா? துறைமுகத்துல பசங்க கேட்டா என்ன நினைப்பாங்க?”

“ஏன் பாரே, உன் வீட்டுக்குக் கூரை மாத்தினது யாரு? பொண்ணு படிக்கிறது யாரால? ஏழு வருஷமா அவதான் முன்னால நிக்கறா. துறைமுகம் முழுக்கத் தெரியும். உனக்குத்தான் இன்னும் சேதி வந்து சேரலை.”

நூடுல்ஸ் கிண்ணத்தோடு அந்தப் பக்கம் வந்த விர்ஜி சிரித்துக் கிண்ணத்தில் இருந்த சூப்பைச் சிந்தினாள். டெல்ஃபின் ஹெட்செட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினான். காசு கட்டிய நேரம் இன்னும் பாக்கி இருந்தது. இருந்தும் எழுந்து போய்விட்டான்.

மறுநாள் விடிந்ததும் அம்பாரோவின் குரல் பதிவு வந்து கிடந்தது. ஒருவருடைய ஆளை மற்றவர் எங்கிருந்தும் பார்க்கலாம் என்பது டெல்ஃபினுக்குத் தெரியாது.

“போர்வீரன் மூணா? யாரைக் கேட்டு வெச்சே? குகையில போர்வீரருக்கு ஒரே இடம், அதுல நான் இருக்கேன். எனக்கு முன்னால நிக்க ஆள் வேண்டாம் டெல்ஃபின். பின்னால ஆள் வேணும். அது உனக்குக் கேவலமா இருந்தா சொல்லு. டோன்யோவுக்கு அந்த மாதிரி ஒண்ணும் இல்லையாம்.”

அவன் அதை மூன்று தடவை கேட்டான். பதில் அனுப்பவில்லை. செவ்வாய்க்கிழமை கடைப் பக்கமே போகவில்லை. வீட்டுக்குப் போய்க் கருவாடு பொரித்தான், கரிய விட்டான், அதையே தின்றான்.

புதன்கிழமை மதியம் கிடங்கு நிழலில் மூட்டைமேல் சாய்ந்திருந்தபோது கைபேசி அடித்தது. கொன்சிங். பின்னால் ஒட்டும் நாடா கிழிக்கும் சத்தம்.

“மனோங், பெட்டி கட்டிக்கிட்டிருக்கேன். சூப்பு டப்பா நம்ம ஊர்ல கிடைக்குமா? சரி விடுங்க. நான் போறதுக்கு முன்னால உங்களுக்கு வைத்தியம் சொல்லிக் குடுக்கணும். உங்க பொண்டாட்டி நீங்க கோவிச்சுக்கிட்டிருக்கீங்கன்னு சொன்னா.”

“கோவம் எல்லாம் இல்ல.”

“அவளும் இல்லன்னுதான் சொல்றா. கேளுங்க. வைத்தியன் சண்டையைப் பாக்கக்கூடாது. அரக்கன் எப்படி இருக்கான், யார் என்ன வெட்டறாங்க, ஒண்ணும் பாக்கக்கூடாது. திரையோட இடது பக்கம் ஆளுக்கொண்ணா நாலு சிவப்புக் கோடு இருக்கும், அதுதான் உயிர். யார் கோடு கொறையுதோ அவங்களுக்கு மருந்து. அவ்வளவுதான் தொழில். முன்னால நிக்கறவளுக்குத் தன் கோடு எவ்வளவு கொறைஞ்சிருக்குன்னு தெரியாது மனோங். தெரிஞ்சாலும் சொல்லமாட்டா. அதுலயும் அம்பாரோ இருக்காளே. போன நவம்பர்ல அவளுக்குக் காய்ச்சல் வந்து நாலு நாள் படுத்தது உங்களுக்குத் தெரியுமா?”

டெல்ஃபின் நிமிர்ந்து உட்கார்ந்தான். “நவம்பர்லயா? வேலை ஜாஸ்தின்னு சொன்னா. கூப்பிட நேரம் இல்லன்னு.”

“வேலை! எழுந்து நிக்க முடியலை. என் முதலாளியம்மாகிட்ட பொய் சொல்லிட்டு நான் ஓடி ஓடிப் போய்க் கஞ்சி குடுத்தேன்.”

“குடிச்சாளா?”

“மூணாம் நாள்தான் வயித்துல தங்கிச்சு.” ஒட்டும் நாடா இன்னொரு முறை கிழிந்தது. “நாளைக்கு நான் போயிடுவேன். அதான் சொல்றேன். கோட்டைப் பாருங்க. சண்டையைப் பாக்காதீங்க.”

மேஸ்திரி விசில் ஊதினார். டெல்ஃபின் அன்று மத்தியானம் எத்தனை மூட்டை தூக்கினான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது.

அன்று சாயங்காலம் விர்ஜியின் கடையில் ஓகோங் வாயைத் திறப்பதற்குள் கையைக் காட்டி நிறுத்திவிட்டு உட்கார்ந்தான். கரடி வேட்டைக்கு அவன் போகவில்லை. வைத்தியம் செய்தாலும் படி ஏறலாம் என்று கொன்சிங் சொல்லியிருந்தாள். சுமைகாரனை ஊர் வாசலுக்கு வெளியே, புது ஆட்கள் பன்றியிடம் கடிபட்டு நொண்டிக்கொண்டு வருகிற பாதையில் நிறுத்தினான். வருகிறவனுக்கெல்லாம் மருந்து. நன்றி சொன்னவனுக்கும் மருந்து, சொல்லாமல் ஓடியவனுக்கும் மருந்து. ஒருவன் நின்று, “நீ யாருப்பா, ஆஸ்பத்திரியா?” என்று எழுதிவிட்டுப் போனான். மருந்து சீக்கிரம் வரட்டும் என்று இரும்புச் சட்டையை மட்டும் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டான்.

“பாரே, உனக்குன்னே செஞ்ச தொழில்டா இது,” என்றான் ஓகோங். “உனக்கு எவனையும் வேண்டாம்னு சொல்லத் தெரியாது. இதுல சொல்லவே வேண்டியதில்லை.”

“வாயை மூடிக்கிட்டு கரடியைப் பாரு.”

வெள்ளிக்கிழமை பத்தாம் படி. வைத்தியத்தில் வைத்தான். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குப் பதினோராம் படி. அதையும் வைத்தியத்தில் வைத்தான். வைத்தியம் நாலு.

இன்னும் ஒன்று. பன்னிரண்டாம் படிக்கு எவ்வளவு தூரம் என்று திரையின் அடியில் ஒரு பட்டை காட்டியது. ஓகோங் எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். “புதன்கிழமை ஆகும். வேலைக்கு மட்டம் போட்டா செவ்வாய்.”

திங்கட்கிழமை போர்வீரனில் வைத்த அந்த ஒரு படி மட்டும் இங்கே இருந்திருந்தால் இந்நேரம் முடிந்திருக்கும். அதை அவன் சொல்லவில்லை. ஓகோங்கும், ஆச்சரியம்தான், சொல்லவில்லை.

டெல்ஃபின் கைபேசியை எடுத்தான். அம்பாரோவைக் கூப்பிடவில்லை. மெர்லிக்குக் குரல் பதிவு அனுப்பினான். எலுமிச்சையாக இருந்தாலும் ஆட்டத்தை ஓரம் முதல் ஓரம் வரை அறிந்தவள் அவள்தான் என்று அவனுக்குத் தெரியும்.

“மெர்லி, எனக்கு ஒரு படி கொறையுது. டோன்யோவைக் கூப்பிடு, நான் தப்பா எடுத்துக்கமாட்டேன். ஆனா அதுக்கு முன்னால ஒண்ணு கேக்கறேன். வெச்ச படியைத் திருப்பி எடுக்க ஏதாவது வழி இருக்கா? இருந்தா சொல்லு.”

பதில் வர ஒரு தட்டு சோறு சாப்பிடும் நேரம் ஆனது.

“டோன்யோகிட்ட சொல்லி வெச்சுட்டேன் மனோங், அவன் தலை முடி வெட்டிக்கிட்டு ரெடியா இருக்கான். இருந்தாலும் கேட்டதுக்குப் பதில் சொல்லணும். பழைய கோவில் பின்னால ஒரு கிணறு இருக்கு. வாழ்நாள்ல ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு படியை ஒரு தொழில்ல இருந்து எடுத்து இன்னொண்ணுல வைக்கலாம். ஆனா எந்தத் தொழில்ல இருந்து எடுக்கறீங்களோ, அந்தத் தொழிலுக்குன்னு யார் குடுத்த பொருளா இருந்தாலும் கிணத்துல போட்டுடணும். திரும்பி வராது. வில்லுன்னா வில்லு. கோலுன்னா கோல். என் கோலைப் போட்டீங்கன்னா தெரியும் சேதி.”

ஞாயிற்றுக்கிழமை இரண்டரை மணிக்குச் சுமைகாரன் கிணற்றடியில் நின்றான். தேவாலயத்தில் பூசை முடிந்து வந்த கூட்டம் கடையை நிறைத்திருந்தது. விர்ஜியின் மின்விசிறி ஒரு பக்கமாகவே காற்று வீசியது. டெல்ஃபின் பையைத் திறந்து வில், கோல், தொப்பி, சட்டை எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தான். ஓகோங் அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, “வில்லைப் போடு. எப்படியும் உன் அம்பு மரத்துக்குத்தான் போகுது,” என்றான்.

டெல்ஃபின் மாட்டேன் என்று தலையை ஆட்டினான். அப்புறம் இரும்புச் சட்டையைக் கிணற்றில் போட்டான். தண்ணீர் சத்தம் ஹெட்செட்டில் தெளிவாகக் கேட்டது.

மூன்று மணிக்குக் குகை வாசலில் மூன்று பெண்கள் காத்திருந்தார்கள். அம்பாரோவின் ஆள் ஏழடி உயரம், கையில் வாள். சுமைகாரன் ஒரு பழைய துணியைச் சுற்றிக்கொண்டு, மணிமாலையும் தொப்பியுமாக வந்து நின்றான்.

“வைத்தியம் அஞ்சு,” என்றாள் மெர்லி. குரலில் கொஞ்சம் ஏமாற்றம். “முடி வெட்டினது வீணாப் போச்சு.”

“மனோங், எதைப் போட்டீங்க?” ஜோவிதா பயந்துகொண்டே கேட்டாள். “என் வில்லையா?”

“உன் வில்லு முதுகுலயே இருக்கு.”

“என் கோல் கையில இருக்கு,” என்றாள் மெர்லி.

அம்பாரோவின் ஆள் இரண்டு அடி முன்னால் வந்து சுமைகாரனைச் சுற்றிப் பார்த்தது. “சட்டை எங்கே?”

“கிணத்துல.”

“ரெண்டு ஞாயிறு, டெல்ஃபின். ரெண்டு ஞாயிறு பாம்புக்கு நடுவுல நடந்தேன்.”

“மத்தவங்க வீட்டுச் சாப்பாட்டை வேண்டாம்னு சொன்னா அவங்க கோவிச்சுக்குவாங்க,” என்றான் டெல்ஃபின். “திருவிழா அன்னிக்கு நம்ம வீட்டுல சாப்பிடலைன்னு யாரும் கேக்கமாட்டாங்க. நம்ம வீடுதானே.”

மேம்பாலத்தின்மேல் பேருந்து போகிற சத்தம் கேட்டது. பிறகு அம்பாரோ மூக்கை உறிஞ்சினாள். “தொப்பியைக் கழட்டு. வைத்தியனுக்கு எதுக்குத் தொப்பி, பாக்கச் சகிக்கலை. வா, உள்ள வா. எனக்குப் பின்னாலயே நில்லு. முன்னால எட்டிப் பாத்தே, அரக்கனுக்கு முன்னால நானே உன்னைக் கொன்னுடுவேன்.”

கதவு திறந்தது.

முதல் அறையில் வவ்வால்கள். இரண்டாம் அறையில் எலும்புக்கூடுகள். டெல்ஃபின் ஒன்றையும் பார்க்கவில்லை. இடது பக்கம் நாலு சிவப்புக் கோடுகளை மட்டும் பார்த்தான். அம்பாரோவின் கோடு குறையும், மருந்து போடுவான், ஏறும், மறுபடி குறையும். வாள் மோதும் சத்தமும் ஜோவிதாவின் கூச்சலும் எங்கேயோ வேறு ஊரில் நடப்பது போல இருந்தது. தராசு முள்ளைப் பார்க்கிற கிடங்குக்காரன் மாதிரி அவன் கண் அசையவில்லை. ஓகோங் தன் ஆட்டத்தை விட்டுவிட்டு இவன் திரையை வேடிக்கை பார்த்தான்.

“மனோங் தேறிட்டாரு,” என்றாள் ஜோவிதா.

மூன்றாம் அறையில் கல் அரக்கன் எழுந்தான். அம்பாரோவின் கோடு ஒரே அடியில் பாதிக்கு இறங்கியது. மருந்து. பாதியில் பாதி. மருந்து. டெல்ஃபின் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த ஒரு கோட்டையே தாங்கிப் பிடித்தான். இறங்க விடவில்லை. அம்பாரோ, “அப்படித்தான்! அப்படித்தான்!” என்று கத்தினாள். அரக்கன் தள்ளாடினான்.

நாலு கோட்டில் கடைசிக் கோடு தன்னுடையது என்பதை டெல்ஃபின் மறந்துபோயிருந்தான். கூரையிலிருந்து ஒரு கல், பெரிய கல்கூட இல்லை, சுமைகாரனின் தோளில் விழுந்தது. இரும்புச் சட்டை இருந்தால் சிராய்ப்போடு போயிருக்கும்.

வைத்தியன் விழுந்தான். பத்து எண்ணுவதற்குள் அம்பாரோ விழுந்தாள். ஜோவிதா ஓடிப் பார்த்து விழுந்தாள். மெர்லி, “நான் சொன்னேன்ல,” என்று ஆரம்பித்து முடிக்காமல் விழுந்தாள்.

கல் அரக்கன் திரும்பிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டான். குகைத் தரையில் நாலு பேரும் வரிசையாகக் கிடந்தார்கள். அந்த ஆட்டத்தில் செத்தவர்கள் எழுந்திருக்கப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். வாய்க்கு மட்டும் தடை இல்லை.

“டோன்யோவா இருந்தா இந்நேரம் புதையலைப் பிரிச்சிருப்போம்,” என்றாள் மெர்லி.

“டோன்யோ ஒரு வார்த்தை பேசமாட்டான். மூச்சு விடற சத்தம் மட்டும் கேக்கும். எனக்கு அவனைக் கண்டா அரக்கனைவிட பயம்,” என்றாள் ஜோவிதா.

அம்பாரோவின் ஆள் சுமைகாரனுக்குப் பக்கத்தில் குப்புறக் கிடந்தது.

“கோவமா?” என்றான் டெல்ஃபின்.

“உன் கோட்டையும் பாக்கணும்னு கொன்சிங் சொல்லித் தரலையா?”

“சொல்லியிருப்பா. உன்னோடது குறைஞ்சுகிட்டே இருந்துச்சு.” ஹெட்செட் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் இழுத்தான். “நவம்பர்ல காய்ச்சலாமே.”

“யாரு, கொன்சிங்கா? அவ வாய்ல ஒட்டும் நாடா போட்டு அனுப்பியிருக்கணும்.”

“வேலை ஜாஸ்தின்னு சொன்னே.”

“நீ மட்டும்? ஜூன்ல இடுப்பு பிடிச்சு ஆறு நாள் துறைமுகத்துக்குப் போகலை. மழைன்னு சொன்னே. ஆறு நாளும் இலோயிலோவுல வெயில் கொளுத்துச்சு. எனக்குத் தெரியாதா? நம்ம ஊர் வானிலை என் போன்லயே வருது.”

டெல்ஃபினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரிக்க அந்தப் பக்கம் ஜோவிதா களுக்கென்று சிரித்தாள்.

“சொல்லு,” என்றான். “காய்ச்சல் எப்படி வந்துச்சு?”

“அதை ஏன் கேக்கறே. முதல் நாள் நான் விழுந்தது முதலாளியம்மா வீட்டு வரவேற்பறையில. சின்னப் பொண்ணு நான் விளையாடறேன்னு நினைச்சுக்கிட்டா. என் நெத்தி முழுக்க ஸ்டிக்கர் ஒட்டிட்டா. பூனை, யானை, வானவில். அதோடயே டாக்டர்கிட்ட போயிருக்கேன். கண்ணாடியே பாக்கலை. டாக்டர் ஒண்ணுமே சொல்லாம நாடியைப் பிடிச்சுப் பாக்கறார், நர்சு வாயைப் பொத்திக்கிட்டு வெளிய ஓடறா, நான் நினைக்கிறேன், என்னமோ பெரிய வியாதி போலிருக்கு, சொல்ல முடியாம அழறாங்கன்னு…” அவளால் மேலே சொல்ல முடியவில்லை. மூச்சு முட்டியது.

திரையின் நடுவில் பச்சை நிறத்தில் ஒரு பொத்தான் தோன்றியது. எழுந்திரு.

மெர்லி எழுந்து தூசு தட்டினாள். ஜோவிதா எழுந்தாள். “அக்கா, மனோங், எழுந்திருங்க. அரக்கன் மறுபடி முழிக்கறதுக்குள்ள ஓடிடலாம்.”

“மனோங், பொத்தானை அமுக்குங்க,” என்றாள் மெர்லி. “பச்சையா இருக்கும்.”

டெல்ஃபின் கையை மவுஸிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

“அப்புறம்?” என்றான். “டாக்டர் என்னதான் சொன்னார்?”